உலருணவுப் பொதிக்கு விலை ஒரு பிள்ளையின் முகமா?



கொஞ்சம் நீளமான பதிவு. முல்லைத்தீவு, வவுனியா, கிளிநொச்சி உறவுகள் பொறுமையாக வாசிக்க வேண்டும். கோபம் வந்தால் கடைசிவரை வாசித்துவிட்டுக் கோபியுங்கள்.

நோன்பு நெருங்குகிறது. அரிசி, மா, சீனி, பருப்பு, பேரீச்சம்பழம் என்று பொதிகள் வரும். பொதியோடு பதாகை வரும். பதாகையோடு கமரா வரும். கமராவுக்கு முன்னால் எங்கள் ஊர்த் தாய்மார் வரிசையில் நிறுத்தப்படுவார்கள். பொதியின் ஒரு பக்கத்தை ஒரு பெரிய மனிதர் பிடித்திருப்பார், மறுபக்கத்தை ஒரு விதவைத் தாய் பிடித்திருப்பார். "உம்மா, கொஞ்சம் இஞ்சால பாருங்கோ" என்று ஒரு தம்பி சொல்லுவார். அந்தத் தாய் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். பின்னேரம் அது முகநூலில் ஏறிவிடும். கீழே நூறு பேர் "மாஷா அல்லாஹ்" போடுவார்கள்.

இது நோன்பில் மட்டும் நடப்பதல்ல. தைப்பொங்கலிலும் நத்தாரிலும் நடக்கிறது. வெள்ளம் வந்தாலும் நடக்கிறது, புதிய தவணை தொடங்கினாலும் நடக்கிறது. பள்ளிவாசல், கோயில், தேவாலயம், கட்சிக் காரியாலயம், வெளிநாட்டு அமைப்பு, யூடியூப்காரர் என்ற வித்தியாசமும் கிடையாது. ஆளும் பதாகையும் மாறும், வரிசையில் நிற்கிற சனம் மட்டும் மாறாது.

இதை எதிர்த்துத்தான் எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை ஒரு வரிதான்: உதவி வாங்குகிறவரின் முகத்தையும் பெயரையும் வீட்டையும் பிள்ளையையும் ஊருக்குக் காட்டாதீர்கள்.

நாங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர்கள். வீடியோ எடுக்கிறவர் வாகனத்தில் ஏறிப் போய்விடுவார். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் எங்கள் வகுப்பறைகளில்தான் நடக்கிறது. ஒரு பிள்ளையின் வீட்டுக் கூரை ஒழுகுவதையும், அடுப்படியில் வெறும் சட்டி கிடப்பதையும், உம்மா அழுவதையும் வகுப்பில் இருக்கிற அத்தனை பேரும் போனில் பார்த்திருப்பார்கள். இடைவேளையில் யாராவது ஒருவன் அந்த அழுகையை நடித்துக் காட்டுவான். அந்தப் பிள்ளைக்கு ஒரு பட்டப்பெயர் விழும். தரம் எட்டில் விழுந்த பெயர் சாதாரண தரம் எழுதி முடித்தாலும் போகாது. கெட்டிக்காரப் பிள்ளைகள் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குப் போவதையும், கை உயர்த்துவதை நிறுத்துவதையும், பிறகு பாடசாலைக்கு வருவதையே குறைப்பதையும் பார்க்கிறவர்கள் நாங்கள். ஒரு சோடி சப்பாத்துக் கொடுத்து ஒரு பிள்ளையின் படிப்பை எடுத்துக்கொண்டு போகிற உதவிக்கு என்ன பெயர் வைப்பது?

வளர்ந்த பெண்பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் நிலைமை இன்னும் மோசம். வீட்டில் ஆண் துணை இல்லை, வருமானம் இல்லை, இத்தனை வயதில் இத்தனை பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஊர் பெயரோடு உலகத்துக்கே அறிவித்துவிட்டு, கீழே தொலைபேசி இலக்கத்தையும் போடுகிறார்கள். அந்த இலக்கத்துக்கு உதவி செய்ய நினைக்கிற நல்லவர்கள் மட்டுமா எடுக்கிறார்கள்? நடுச்சாமத்தில் வருகிற அழைப்புகளைப் பற்றி அந்தத் தாய்மார் யாரிடம் முறையிடுவது? இலக்கத்தைப் போட்டவரிடமா?

இந்தப் பழக்கம் திடீரென்று முளைத்ததல்ல. 2004 சுனாமியோடு முல்லைத்தீவுக் கரைக்கு உலகத்து நிறுவனங்களெல்லாம் வந்தன. 2009இல் போர் முடிந்தபோது செட்டிகுளம் மெனிக் பாமிலும் மற்ற முகாம்களிலுமாக இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் முட்கம்பிக்குள் இருந்தார்கள். 2012 செப்டெம்பரில்தான் மெனிக் பாம் மூடப்பட்டது. அந்த வருடங்களில் வன்னிச் சனம் நிரப்பிய படிவங்களுக்குக் கணக்கில்லை. வந்தவர்களில் உண்மையாக உழைத்தவர்கள் பலர் இருந்தார்கள், அதை மறக்கமாட்டோம். ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தன் நிதியாளருக்குப் படம் காட்ட வேண்டியிருந்தது. திட்டம் முடிந்தது, பணம் முடிந்தது, வாகனங்கள் கொழும்புக்குத் திரும்பின. படம் எடுக்கும் பழக்கம் மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது.

பிறகு கைத்தொலைபேசி வந்தது. புலம்பெயர்ந்த உறவுகளின் காசு நிறுவனங்களைத் தாண்டி நேரடியாக வரத் தொடங்கியது. லண்டனிலும் ரொரன்டோவிலும் பாரிஸிலும் இரண்டு வேலை செய்து சேர்த்த காசு அது. கட்டாரிலும் சவூதியிலும் வெயிலில் நின்று உழைத்த காசு அது. அந்தக் காசு வந்திருக்காவிட்டால் வன்னியில் பல வீடுகளுக்குக் கூரையே இருந்திருக்காது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் காசுக்கும் ஏழை வீட்டுக்கும் நடுவில் இப்போது ஒரு புதிய தரகர் நிற்கிறார். அவருக்கு உதவியும் தொழில், வீடியோவும் தொழில். வீடியோவை எவ்வளவு பேர் பார்க்கிறார்களோ அவ்வளவு விளம்பரக் காசு டொலரில் வருகிறது. சிரிக்கிற முகத்தைவிட அழுகிற முகத்தைத்தான் அதிகம் பேர் பார்க்கிறார்கள். ஆகவே அழவைக்கிற கேள்விகள் கேட்கப்படுகின்றன. "வாப்பா எப்படி மௌத்தானவர்?" "கடைசியா எப்ப வயிறு நிறையச் சாப்பிட்டனீங்கள்?" பிள்ளை அழும்வரை கமரா காத்திருக்கிறது. பிறகு சோக இசையைப் பின்னால் போட்டு வெளியிடுகிறார்கள்.

2025 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில், உதவி செய்யப் போன வீட்டில் ஒரு பெண்பிள்ளையுடன் தகாத முறையில் பேசிய வீடியோ பரவி, அதை எடுத்த யூடியூபர் கைதாகி விளக்கமறியலில் வைக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். வழக்கைப் பற்றி நாங்கள் பேச வரவில்லை, அது நீதிமன்றத்தின் வேலை. அன்று கொதித்தெழுந்த எங்களிடம் எங்களுக்கே ஒரு கேள்வி இருக்கிறது. அவர் அதட்டிப் பேசியதுதான் பிழையா? அதே கேள்விகளைத் தேன் குரலில் கேட்டு, அதே வீட்டை அதே மாதிரி உலகத்துக்குக் காட்டியிருந்தால் "நல்ல மனுசன்" என்று பகிர்ந்திருப்போமா இல்லையா? அதட்டல் வெளியில் தெரிந்த நோய். ஒரு வீட்டின் வறுமை, உதவி கொடுப்பவனுக்குச் சொந்தமாகிவிடுகிறது என்ற எண்ணம்தான் உள்ளே இருக்கிற நோய்.

"கேட்டுத்தானே எடுத்தோம், அவையள் ஓம் எண்டுதானே சொன்னவை" என்பார்கள்.

இந்த "ஓம்" எப்படிப்பட்ட ஓம் என்று யோசியுங்கள். பொதி ஒரு கையில், கமரா மறு கையில். பிள்ளைகள் வீட்டில் காத்திருக்கிறார்கள். மாட்டேன் என்றால் அடுத்த பட்டியலில் பெயர் இருக்காது என்று அந்தத் தாய்க்குத் தெரியும். "ஏழைக்கு இவ்வளவு திமிரா" என்று ஊர் சொல்லும் என்பதும் தெரியும். மாட்டேன் என்று சொல்ல முடியாத இடத்தில் கேட்டு வாங்குகிற ஓம், சம்மதம் அல்ல. பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டு வாங்குகிற ஓம், கேள்வியே அல்ல. அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயதாகும்போதும் அந்த வீடியோ இணையத்தில் இருக்கும். வேலைக்குப் போகிற இடத்திலும் கலியாணம் பேசி வருகிற வீட்டிலும் யாராவது தேடிப் பார்ப்பார்கள். பத்து வயதில் சொன்ன ஓமுக்கு இருபத்தைந்து வயதிலும் விலை கொடுக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த ஞானமும் அல்ல. சமூகப்பணி என்பது படித்துச் செய்கிற ஒரு தொழில். எங்கள் நாட்டிலேயே 1952 முதல் அதற்கொரு கல்வி நிறுவனம் இயங்குகிறது, இன்று அதன் பெயர் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம். வைத்தியர் நோயாளியின் இரகசியத்தைக் காப்பதுபோல, சமூகப்பணியாளர் தன்னிடம் வருகிறவரின் இரகசியத்தைக் காக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் முதல் பாடங்களில் ஒன்று. 2018இல் டப்ளின் நகரில் உலகச் சமூகப்பணி அமைப்புகள் ஏற்றுக்கொண்ட ஒழுக்கக் கோட்பாடுகளில் மனித கண்ணியம் முதலாவதாக நிற்கிறது. தன் வாழ்க்கையைத் தானே தீர்மானிக்கும் உரிமையும் அந்தரங்கமும் அதில் இருக்கின்றன. தொழில்நுட்பத்தையும் சமூக ஊடகத்தையும் ஒழுக்கத்தோடு பயன்படுத்துவதற்கென்றே தனியாக ஒரு கோட்பாடும் இருக்கிறது. அதற்கும் முன்னால், 1994இல் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் நிவாரண நிறுவனங்களும் வகுத்த நடத்தைக் கோவையின் பத்தாவது விதி இதைத்தான் பேசுகிறது. பாதிக்கப்பட்டவர்களை விளம்பரத்தில் கதியற்ற பொருட்களாகக் காட்டக்கூடாது, கண்ணியமுள்ள மனிதர்களாகக் காட்ட வேண்டும் என்பதே அதன் கருத்து.

இந்த விதிகள் சும்மா வரவில்லை. 1984இல் எத்தியோப்பியாவில் பஞ்சம் வந்தபோது எலும்பும் தோலுமான பிள்ளைகளின் படங்கள் உலகத் தொலைக்காட்சிகளில் ஓடின. பணம் குவிந்தது, உயிர்களும் காப்பாற்றப்பட்டன. ஆனால் ஒரு முழுக் கண்டத்து மக்களையே ஈ மொய்க்கும் பிச்சைக்காரர்களாக உலகம் பார்க்கத் தொடங்கியது. அதைப் பார்த்துத் தலைகுனிந்துதான் ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் 1989இல் படங்களுக்கென்றே ஓர் ஒழுக்கக்கோவை செய்துகொண்டன. அவர்கள் விட்டுவிட முடிவெடுத்த பழக்கத்தை நாங்கள் இத்தனை வருடம் கழித்துப் புதுச்சட்டை போட்டு வரவேற்கிறோம்.

விதி எழுதிவிட்டதால் எல்லாரும் யோக்கியராகிவிட்டார்கள் என்றும் சொல்லவில்லை. 2010 பூகம்பத்துக்குப் பிறகு ஹெய்ட்டியில் ஒக்ஸ்பாம் ஊழியர் சிலர் நடந்துகொண்ட கேவலம் 2018இல் வெளியே வந்து உலகம் முழுக்க நாறியது. அத்தனை பெரிய நிறுவனத்துக்குள்ளேயே அது நடந்தது. கொடுக்கிற கை எப்போதும் அதிகாரமுள்ள கை. அதைக் கேள்வி கேட்க ஆள் இல்லாவிட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. பெரிய நிறுவனத்தில் முறையிட ஒரு கதவாவது இருக்கிறது. தனி ஒருவர் ஒரு போனோடு வீட்டுக்குள் வரும்போது அந்தக் கதவும் இல்லை.

இப்போது எங்கள் மார்க்கத்துக்கு வருவோம். பள்ளிவாசல் நிர்வாகிகள் இந்தப் பகுதியைக் கவனமாக வாசிக்க வேண்டும்.

சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் உங்கள் தர்மத்தை நீங்களே பாழாக்காதீர்கள் என்பது சூரத்துல் பகராவின் போதனை. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் கொடுத்தவருக்கு மறுமையில் அர்ஷின் நிழல் உண்டு என்ற ஹதீஸை ஒவ்வொரு நோன்பிலும் மிம்பரில் கேட்கிறோம். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக்கூடாது என்றிருக்க, நாலாயிரம் பேர் அறிய வேண்டும் என்று நேரடி ஒளிபரப்புச் செய்வதை எந்தக் கிதாபில் கண்டீர்கள்?

சில ஆலிம்கள் ஒரு பதில் சொல்வார்கள், நியாயமான பதில்தான். தர்மத்தை வெளிப்படையாகச் செய்தாலும் நல்லதே, மற்றவர்களுக்கு ஆர்வம் வரும் என்று அதே சூராவில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது இன்னும் சிறந்தது என்று அந்த வசனமே தொடர்ந்து சொல்கிறது, அதையும் சேர்த்து ஓத வேண்டும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. வெளிப்படுத்த அனுமதி கிடைத்திருப்பது உங்கள் கொடைக்கு. அடுத்தவரின் ஏழ்மையை வெளிப்படுத்த யார் அனுமதி தந்தது? "நான் இத்தனை லட்சம் கொடுத்தேன்" என்று சொல்ல ஆசை என்றால் உங்கள் படத்தைப் பெரிதாகப் போடுங்கள், எங்களுக்கு ஆட்சேபனை இல்லை. பக்கத்தில் நிற்கிற அந்தத் தாயை மட்டும் விட்டுவிடுங்கள்.

தன்மானத்தினால் கை நீட்டாத ஏழைகளைப் பற்றியும் அந்த சூரா பேசுகிறது. அறியாதவன் அவர்களை வசதியானவர்கள் என்று நினைப்பான். அவர்களைத் தேடிப் போய்க் கொடுப்பதுதான் ஸகாத் கமிட்டியின் வேலை. கமரா வைத்த வரிசையில் அவர்கள் ஒருநாளும் வந்து நிற்கமாட்டார்கள். அதாவது உண்மையிலேயே கொடுக்க வேண்டிய வீட்டை இந்தக் கமரா வடிகட்டி வெளியே தள்ளிவிடுகிறது.

வடக்கு முஸ்லிம்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்தவருக்கு இரண்டு மணித்தியாலம்தான் கிடைத்தது. வேறு சில இடங்களில் ஒரு சில நாட்கள் கிடைத்தன. தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் நாச்சிக்குடாவிலும் வயலும் கடையும் வள்ளமும் வைத்து நாலு பேருக்குக் கொடுத்து வாழ்ந்த குடும்பங்கள், புத்தளத்து ஓலைக் கொட்டில்களுக்கு முன்னால் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றன. நேற்றுவரை கொடுத்த கை இன்று வாங்கும்போது எப்படி நடுங்கும் என்பதை எங்கள் பெரியவர்களிடம் கேளுங்கள்.

அந்த நாட்களில் புத்தளத்து மக்கள் தங்கள் பள்ளிவாசலைத் திறந்தார்கள், பாடசாலையைத் திறந்தார்கள், தென்னந்தோட்டத்தில் இடம் தந்தார்கள். தாங்களே வசதியற்றவர்களாக இருந்தும் தந்தார்கள். அதற்கு வீடியோ இல்லை, பதாகை இல்லை. ஆனால் இத்தனை வருடம் கழித்தும் எங்கள் வீடுகளில் அவர்களுக்கு துஆ இருக்கிறது. கமரா இல்லாததால் அந்த உதவியில் எது குறைந்துபோனது?

அதே வேதனையை 2009இல் எங்கள் தமிழ் உறவுகள் அனுபவித்தார்கள். புதுக்குடியிருப்பிலும் விசுவமடுவிலும் களஞ்சியம் நிறைய நெல் வைத்திருந்தவர்கள் சாப்பாட்டுப் பாசலுக்கு வரிசையில் நின்றார்கள். ஆகவே முகத்தின் பெறுமதி தெரியாத சமூகம் என்று வன்னியில் எதுவுமே இல்லை. இரண்டு பக்கமும் வரிசையில் நின்ற சனம்தான். நின்றவர்களே மற்றவர்களை நிறுத்துவதுதான் எங்களைச் சுடுகிறது.

படமே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்தைப் பாருங்கள். அந்தத் தாய்மார் கையிலும் படம் இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தை அவர்களே எடுத்து வருகிறார்கள், அவர்களே உயர்த்திப் பிடிக்கிறார்கள், தங்கள் கேள்விக்காகப் பிடிக்கிறார்கள். "என் பிள்ளை எங்கே" என்று கேட்கிற தாயின் முகத்தில் தாழ்வு இல்லை, உரிமை இருக்கிறது. அதே தாயைப் பொதியோடு நிறுத்திப் படம் எடுத்தால் அந்த உரிமை பிச்சையாகிவிடுகிறது. படம் யாருடைய கையில், யாருடைய தேவைக்கு என்பதுதான் வித்தியாசம்.

"வீடியோ இல்லாவிட்டால் காசு வராது மாஸ்டர். நீங்கள் மானம் பேசுறீங்கள், அங்க பிள்ளையள் பட்டினி" என்பதுதான் எங்களுக்கு எதிராகச் சொல்லப்படுகிற பலமான வாதம். லேசாகத் தட்டிவிட முடியாத வாதம். பதில் சொல்கிறோம்.

காசு அனுப்புகிறவர் ஆதாரம் கேட்பது நியாயம். ஏமாற்றுக்காரர் மலிந்துவிட்டார்கள். ஆனால் ஆதாரம் என்பது கணக்கு. எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, எந்தக் கடையில் என்ன விலைக்கு வாங்கியது, எத்தனை வீட்டுக்குப் போனது, மீதி எங்கே என்பதுதான் ஆதாரம். ஒரு தாய் அழுவது எதற்கும் ஆதாரமாகாது. பத்து லட்சம் சேர்த்து இரண்டு லட்சத்துக்குப் பொதி கொடுத்தாலும் வீடியோவில் அந்தத் தாய் அதே அழுகைதான் அழுவார். கண்ணீரைக் காட்டுகிற பலர் கணக்கைக் காட்டுவதில்லை என்பதைக் கவனியுங்கள். முகத்தை மறைத்துக் கணக்கைத் திறக்க வேண்டிய இடத்தில், முகத்தைத் திறந்து கணக்கை மறைக்கிறார்கள்.

இன்னொன்று. கமராவுக்குப் பிடித்த உதவி வேறு, குடும்பத்துக்குத் தேவையான உதவி வேறு. சைக்கிள், தையல் மெஷின், ஆட்டுக்குட்டி, உலருணவு எல்லாம் படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் வன்னியில் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவது பல நேரம் ஒரு காகிதம்தான். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உத்தரவுப் பத்திரம், மாற்றுத்திறனாளிக்குரிய கொடுப்பனவுக்கான விண்ணப்பம், கணவன் காணாமல்போன பெண்ணின் ஆவணங்கள். அதற்காகப் பிரதேச செயலகத்துக்கு ஐந்து தடவை கூடப்போக ஒரு ஆள் வேண்டும். குடிகாரத் தகப்பன் உள்ள வீட்டுக்கு மாதம் இரண்டு தடவை போய்ப் பேச ஒருவர் வேண்டும். நித்திரை கொள்ள முடியாத ஒரு முன்னாள் போராளியின் மனைவி சொல்வதைக் கேட்க ஒருவர் வேண்டும். இதில் எதையும் படம் பிடிக்க முடியாது. படம் பிடிக்க முடியாததால் இதற்குக் காசும் வருவதில்லை, ஆளும் வருவதில்லை. சமூகப்பணி என்பது இதுதான். பொதி கொடுப்பது அதன் வாசற்படி மட்டுமே.

இந்த வேலைக்கென்றே பிரதேச செயலகங்களில் சமூக சேவை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமும் ஒரு வார்த்தை. உதவி செய்ய வருகிற யூடியூப்காரருக்கு வீடு காட்டிக் கொடுப்பது உங்கள் கடமையல்ல, அந்த வீட்டைக் காப்பதுதான் கடமை. பயனாளிகளின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் உள்ள பட்டியல் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவது எப்படி? 2022இல் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென்று இந்த நாட்டில் ஒரு சட்டமே இயற்றப்பட்டது. 2023இல் அஸ்வெசும பட்டியல் வெளிவந்து ஆட்சேபனை கோரப்பட்டபோது அயல்வீட்டுக்காரர் ஒருவருக்கொருவர் எதிரியானதையும் கண்டோம். அரசாங்கமும் இதில் பாடம் படிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் அதே அரசாங்கம் காட்டித் தந்த நல்ல வழியும் ஒன்று உண்டு. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1980இல் இலவசப் பாடநூல் வந்தது. 1993இல் இலவசச் சீருடைத் துணி வந்தது. பணக்காரப் பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் ஒரே புத்தகம், ஒரே துணி. யார் ஏழை என்று ஒரு பிள்ளையையும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. இந்த நாட்டின் கோடிக்கணக்கான பிள்ளைகள் வெட்கப்படாமல் வாங்கிய உதவி அது. ஏன் வெட்கப்படவில்லை? எல்லாருக்கும் உரிமையாகக் கொடுத்ததால். காலைக் கூட்டத்தில் பெயர் கூப்பிட்டுக் கொப்பி கொடுக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். வகுப்பில் எட்டுப் பேருக்குத்தான் காசு இருக்கிறது என்றால், அந்த எட்டுப் பேரின் தாய் தகப்பனிடம் ஒரு பின்னேரம் அமைதியாகக் கொண்டுபோய்க் கொடுக்க எவ்வளவு நேரம் போகும்?

ஆகவே இந்த நோன்பிலிருந்து எங்கள் கோரிக்கைகள் இவை.

ஒன்று: பள்ளிவாசல் நிர்வாகங்களும் சங்கங்களும் பொதி வழங்கும் வைபவத்தை நிறுத்தட்டும். வைபவம் வேண்டாம், பொதி மட்டும் போதும். மஃரிபுக்குப் பிறகு வீட்டு வாசலில் வைத்துவிட்டு வரத் தெரிந்த இளைஞர்கள் எங்கள் ஊர்களில் இல்லையா?

இரண்டு: வரவும் செலவும் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில், பற்றுச்சீட்டோடு, எல்லாரும் பார்க்கத் தொங்கட்டும். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். சந்தேகம் உள்ளவர் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கட்டும்.

மூன்று: பதினெட்டு வயதுக்குக் குறைந்த எந்தப் பிள்ளையையும் உதவி வீடியோவில் காட்டக்கூடாது. முகத்துக்கு மங்கல் போட்டுவிட்டு வீட்டையும் தாயையும் ஊரையும் காட்டுவதும் ஏமாற்று வேலைதான். பிள்ளை துன்புறுத்தப்பட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் இருக்கிறது. ஆசிரியர்களும் பெற்றோரும் அதைப் பயன்படுத்தப் பழக வேண்டும்.

நான்கு: வெளிநாட்டிலிருந்து அனுப்புகிற உறவுகளே, அடுத்த முறை காசு அனுப்பும்போது "வீடியோ அனுப்புங்கோ" என்று கேட்காதீர்கள். "கணக்கு அனுப்புங்கோ" என்று கேளுங்கள். நீங்கள் கேட்பதை நிறுத்தினால் எடுப்பவர்களும் நிறுத்துவார்கள். இந்தப் பழக்கத்தின் ஆணிவேர் உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஐந்து: ஊர்ச் சனமே, அழுகிற வீடியோவைப் பார்க்காதீர்கள், பகிராதீர்கள். "பாவம்" என்று எழுதிப் பகிர்ந்தாலும் பகிர்ந்ததுதான். ஒவ்வொரு பார்வையும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

ஆறு: ஏற்கெனவே போட்டவற்றை நீக்கச் சொல்லி ஒரு குடும்பம் கேட்டால் அன்றைக்கே நீக்குங்கள். "உதவியை வாங்கிட்டு இப்ப கதைக்கினம்" என்று சொல்லாதீர்கள். வாங்கியது அரிசி, விற்றது எதுவுமில்லை.

இதை எழுதியதற்காக "உதவி செய்கிறவனையும் கெடுக்கிறார்கள்" என்று சிலர் ஏசுவார்கள், ஏசட்டும். உண்மையாக உதவி செய்கிறவருக்கு இதில் இழப்பு ஒன்றும் இல்லை. வீடியோ இல்லையென்றால் உதவியே இல்லை என்று சொல்கிறவர் எதற்காக வந்தார் என்பதை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்.

நாளைக்கு யாருடைய கை மேலே, யாருடைய கை கீழே என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. 1990இல் ஒரு வாரத்துக்கு முதல் தெரிந்திருக்கவில்லை. 2009இலும் தெரிந்திருக்கவில்லை. 2022இல் எரிபொருள் வரிசையில் மாதச்சம்பளக்காரரும் இரவிரவாக நின்றபோதும் தெரிந்திருக்கவில்லை. நாளைக்கு எங்கள் பிள்ளைகள் வாங்க வேண்டி வந்தால் எப்படி வாங்க வேண்டும் என்று விரும்புகிறோமோ, அப்படி இன்றைக்குக் கொடுப்போம்.

உடன்படுகிறவர்கள் உங்கள் பள்ளிவாசல், ஆலய, சங்கக் கூட்டத்தில் இந்த ஆறு விடயங்களையும் எழுப்புங்கள். உடன்படாதவர்கள் கீழே எழுதுங்கள், பதில் சொல்வோம். ஆனால் தயவுசெய்து உதாரணத்துக்கென்று எந்தக் குடும்பத்தின் வீடியோவையும் இங்கே போடாதீர்கள். போட்டால் நீக்கிவிடுவோம்.

கொடுப்பவரின் எண்ணத்தையும் வாங்குபவரின் மானத்தையும் அல்லாஹ் பாதுகாப்பானாக.

வஸ்ஸலாம்.